லான்ட்மாஸ்ரர் அல்லாத எனது லான்ட்மாஸ்ரர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனது லான்ட்மாஸ்ரர் உண்மையில் லான்ட்மாஸ்ரர் அல்ல, ஜப்பானில் செய்த இரண்டு சில்லு உழவு மெசின். எந்தக் கம்பனி என்று எழுதப் போவதில்லை. கீழே அதைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. நான் திட்டுகிற குறைகளில் பாதி, பழசாய் வாங்கியதால் வந்தவை. மிச்சத்தில் பாதி என் கைவேலை.

ஊரில் யாரும் அதை ஜப்பான் மெசின் என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பவர் டில்லர் என்கிறார்களே, அதற்கு இலங்கை முழுக்கப் பெயர் லான்ட்மாஸ்ரர்தான். சிங்கள ஊர்களிலும் அதே பெயர். குபோட்டா வந்தாலும் லான்ட்மாஸ்ரர், மிற்சுபிசி வந்தாலும் லான்ட்மாஸ்ரர், சீனாவிலிருந்து நேற்று வந்து இறங்கினதும் லான்ட்மாஸ்ரர். "அவன் ஒரு குபோட்டா லான்ட்மாஸ்ரர் எடுத்திட்டான்" என்று சொல்லும்போது அதில் இரண்டு கம்பனிகளின் பெயர் இருக்கிறது என்று எவருக்கும் தோன்றுவதில்லை. பெரியப்பாவின் மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஒரு தகட்டைப் பார்க்கும் வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை. தகட்டின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி. இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணியில் மூன்று ஏக்கர் வயல், வீட்டோடு ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம். முதல் மெசினை 2003 இல், யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து அடுத்த வருசம், குருநாகல் பக்கம் போய் எடுத்து வந்தேன். இரண்டாவது 2011 இல் எடுத்தது. கனடாவில் இருக்கிற மச்சான் பாதிக் காசு அனுப்பினார், மிச்சப் பாதிக்கு மனுசியின் காப்பு வங்கிக்குப் போனது. காப்பு மூன்று வருசத்தில் திரும்பி வந்தது, மெசின் இன்னும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் இருபது வருசத்துக்குப் பக்கமாக அதன் பின்னால் நடந்திருக்கிறேன். இதை எழுத அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நடந்திருக்கிறேன் என்றது பேச்சுக்கு இல்லை. மண்ணைக் கொத்துகிற சுழல்கத்திப் பகுதியை ரொட்டரி என்போம், அதன் அகலம் 60 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். பிரித்துப் பாருங்கள்: ஓர் ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க 6.7 கிலோமீற்றர் நடை. அதுவும் ஒரு கோட்டோடு மற்றக் கோடு கொஞ்சமும் ஏறாமல், திரும்புகிற இடத்தில் வளையாமல் நடந்தால்தான். உண்மையில் எட்டுக்குக் குறையாது. சேற்றுக்கு இரண்டு தரம் அடிக்க வேணும், பிறகு மட்டப்படுத்தப் பலகை. மூன்று ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வட்டக்கச்சியிலிருந்து நடந்தே ஆனையிறவு தாண்டியிருக்கலாம், அதுவும் முழங்கால் சேற்றில், முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஓர் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு. முதல் நாள் உழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் அது கையில் ஆடும். கைபிடியின் அதிர்வு விரலுக்குள்ளே தங்கிவிடும். சோற்றைப் பிசையும்போது கூட என்ஜின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

வாங்க நினைக்கிற ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது குதிரைவலு எத்தனை, டீசல் எவ்வளவு குடிக்கும் என்பதைத்தான். என்னுடையது பத்துக் குதிரைவலுவுக்குக் கொஞ்சம் குறைவு. சேறடிக்க ஏக்கருக்கு ஐந்து மணித்தியாலம், ஆறு லீற்றர். மண் இறுகியிருந்தால் கூடும். இதெல்லாம் பெரிய விசயம் இல்லை. ஸ்ரார்ட் பண்ணுகிற விதமும் திருப்புகிற விதமும்தான் விசயம். இரண்டும் எந்தப் புத்தகத்திலும் வடிவாக இல்லை.

ஸ்ரார்ட் பண்ணுவது தனியாகக் கொளுவிச் சுழற்றுகிற ஒரு கைபிடியால். என்ஜின் ஒரே சிலிண்டர், படுத்துக் கிடக்கும். மேலே ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை இடது கையால் அமத்திப் பிடித்தால் உள்ளே அழுத்தம் இல்லாமல் போகும். வலது கையால் கைபிடியைச் சுழற்றி, பிளைவீல் நல்ல வேகம் எடுத்ததும் நெம்பை விட வேணும். விட்டதும் ஒரு 'டுக்', பிறகு இன்னொரு 'டுக்', பிறகு அது தன்பாட்டில் ஓடும். ஓடாமல் திருப்பி அடித்தால்? அதற்குத்தான் ஐயா முதல் நாளே சொன்னார், "பெருவிரலை மற்ற விரலோட ஒரே பக்கத்தில வை, சுத்திப் பிடியாதை." சுற்றிப் பிடித்த என் அத்தானுக்கு மணிக்கட்டு போய், அந்தக் காலபோகம் (மாரிப் பயிர்க்காலம்) முழுக்க மாவுக்கட்டோடு வரம்பில் இருந்து எங்களுக்கு அறிவுரை சொன்னார். பயனுள்ள ஒரு அறிவுரையும் இல்லை.

திருப்புவது இன்னும் விசேசம். பிடித்துக்கொண்டு நடக்கிற இரண்டு கைபிடியிலும் ஒவ்வொரு கிளச் இருக்கிறது. இடதை அமத்தினால் இடது சில்லுக்குப் போகிற வலு நிற்கும், வலது சில்லு தள்ளும், மெசின் இடது பக்கம் திரும்பும். வயலில் இது ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடும். ஆனால் பின்னால் பெட்டியைக் கொளுவி, பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது எல்லாம் தலைகீழ். அப்போது பெட்டிதான் மெசினைத் தள்ளுகிறது, என்ஜின் பிடித்து நிறுத்துகிறது. இடது கிளச்சை அமத்தினால் இடது சில்லு விடுபட்டு வேகமாக உருளும், வலது சில்லு பிடிபட்டு நிற்கும், மெசின் வலது பக்கம் ஓடும். எங்கள் ஊர் சமதரை என்பதால் இதை நான் நாலு மாதமாக அறியவில்லை. குளக்கட்டிலிருந்து கல்லேற்றிய பெட்டியோடு இறங்கின அன்று அறிந்தேன். இடது பக்கம் திரும்ப வேணும், இடதை அமத்தினேன், அது வலது பக்கம் போனது. இன்னும் இறுக்கி அமத்தினேன், இன்னும் வேகமாய் வலது பக்கம் போனது. கல்லும் நானும் வாய்க்காலுக்குள். தண்ணி குறைவாக இருந்ததால் இதை எழுதுகிறேன். புதிதாக எடுக்கிற ஆட்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: இறக்கத்தில் கிளச்சைத் தொடாதீர்கள், கையாலும் காலாலும் தள்ளித் திருப்புங்கள், இறங்க முதலே சின்ன கியருக்குப் போங்கள்.

இனி அந்தத் தகடு.

பெரியப்பாவின் கொட்டிலில், பழைய நுகம், உடைந்த கலப்பை, அரிக்கன் லாம்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெசினின் எலும்புக்கூடு கிடந்தது. என்ஜின் எப்போதோ கழற்றி விற்றாயிற்று. துருவுக்குள்ளே ஒரு தகடு, அதில் இங்கிலிசில் லான்ட்மாஸ்ரர், கீழே நொட்டிங்காம். அதுதான் அசல். அதற்கு முன் அப்படி ஓர் அசல் இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் நொட்டிங்காமுக்கு வடக்கே சில மைல் தள்ளி ஹக்னல் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். கவிஞர் பைரனைப் புதைத்த கோயில் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே செய்த ஒரு சின்னத் தோட்ட உழவு மெசினுக்கும் பைரன் என்று பெயர் இருந்தது. லான்ட்மாஸ்ரரும் அந்த ஊர்ப் பிள்ளைதான். அதே ஊரில் ரோல்ஸ்ரொய்ஸ் கம்பனி 1954 இல் செங்குத்தாக எழும்புகிற ஓர் இயந்திரத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தது. இறக்கை கிடையாது, சட்டத்துக்குள் இரண்டு ஜெட் என்ஜின். சனங்கள் அதைப் பறக்கும் கட்டில் என்றார்களாம். கவிஞர், கட்டில், கலப்பை எல்லாம் ஒரே ஊரில்.

அந்தக் காலத்து இங்கிலாந்தை நாங்கள் செல்வந்த நாடு என்று நினைத்துப் பார்க்கக் கூடாது. யுத்தத்துக்குள்ளே கூடப் பங்கீட்டுக்கு வராத பாண், யுத்தம் முடிந்த பிறகு 1946 இல் பங்கீட்டுக்கு வந்தது. உணவுப் பங்கீடு முழுதாக ஒழிய 1954 ஆகிவிட்டது. ஆட்கள் வீட்டு வளவையும் வாடகைத் துண்டு நிலத்தையும் கொத்தினார்கள். சந்தைக்கு மரக்கறி வைக்கிறவனுக்கு நாலைந்து ஏக்கர். குதிரை வைத்துக் கட்டாது. 1946 இல் கொவென்றியில் செய்யத் தொடங்கின பேர்குசன் ரக்ரர் அவனுக்குப் பெரிது, விலையும் பெரிது. இந்த இடைவெளிக்குள்தான் பத்துப் பதினைந்து சின்னப் பட்டறைகள் புகுந்தன. என்ஜினைத் தாங்கள் செய்வதில்லை, ஜே.ஏ.பி. அல்லது வில்லியர்ஸ் என்ஜினை வாங்கி, இரண்டு சில்லும் இரண்டு கைபிடியும் வைத்து விட்டார்கள். ட்ரஸ்ரி, அயர்ன் ஹோர்ஸ், பி.எம்.பி. என்று பெயர்கள். மண்ணைக் கத்தியால் சுழற்றிக் கொத்துகிற ரொட்டரி வேலை இன்னொரு இடத்திலிருந்து வந்தது. அதன் மூலவர்களில் ஒருவர் கிளிபர்ட் ஹவார்ட் என்ற அவுஸ்திரேலிய விவசாயி மகன். 1912 அளவில் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கி, 1938 இல் இங்கிலாந்துக்கு வந்து எசெக்சில் தொழிற்சாலை போட்டார்.

அந்தச் சின்னப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் பதினைந்து இருபது வருசம்தான். வயிறு நிரம்பின நாட்டில் கொத்துகிறவன் குறைந்தான், கடையில் புல்வெட்டி கேட்கிறவன் கூடினான். லான்ட்மாஸ்ரரும் மற்றவையோடு மறந்து போயிருக்க வேண்டிய பெயர். மறக்காமல் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஓர் இலங்கையர்.

ரே விஜேவர்தன. 1924 இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். விமானம் ஓட்டுவார், சின்ன விமானங்களைத் தானே கட்டுவார், 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார், கடைசிக் காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 1950களின் நடுப்பகுதியில், எங்கள் மாதிரிச் சின்ன வயல்காரனுக்கென்று இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்றை வடிவமைத்தார். நொட்டிங்காம் லான்ட்மாஸ்ரர் கம்பனி அதைச் செய்து விற்றது. 1960களில் அது பல நாடுகளுக்குப் போனது. வெள்ளைக்காரனின் மரக்கறித் தோட்டத்துக்குச் செய்துகொண்டிருந்த கம்பனி, ஓர் இலங்கையரின் மூளையால் வயலுக்குள் இறங்கினது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது. 1964 இல் அவர் அமெரிக்காவில் ஹாவேட் வணிகப் பள்ளியில் தன் மெசினைப் பற்றிப் பேசப் போனார். அங்கிருந்தவர்கள் துருவித் துருவிக் கேட்டதன் சாரம் இதுதான்: இந்த மெசினால் ஒரு கதிர் விளைந்த இடத்தில் இரண்டு கதிர் விளைந்ததா? யோசித்துப் பார்த்தால் இல்லை. எருமை செய்ததை மெசின் கெதியாகச் செய்கிறது, அவ்வளவுதான். தான் செய்தது எருமையை இயந்திரமாக்கின வேலை என்று அவரே பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் பாதையையும் மாற்றினார். நைஜீரியாவில் இபாடன் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், உழாமலே விதை ஊன்றுகிற கருவிகளில் வேலை செய்தார். குளிர் நாட்டில் மண்ணைப் புரட்டுவது சூடேற்ற. எங்கள் வெயிலுக்கும் அடைமழைக்கும் புரட்டின மண் அழிந்துதான் போகும், அதை இலைதழையால் மூடி வை என்பது அவர் வாதம். தனக்குப் பெயர் வாங்கித் தந்த பொருளையே சந்தேகப்பட்ட மனிசனை எனக்கு வேறு தெரியாது. தாய்லாந்தில் இந்த மாதிரி மெசினுக்குப் பெயரே இரும்பெருமை. அந்தச் சனங்கள் ஹாவேட் போகாமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் சொன்னது சரியா? என் இருபது வருசக் கணக்கை வைத்துச் சொன்னால், வயலில் பாதி சரி, மேட்டுநிலத்தில் முழுக்கச் சரி.

ஏக்கருக்கு விளைகிற மூட்டைக் கணக்கு, ஐயா மாட்டோடு உழுத காலத்துக்கும் எனக்கும் இடையில் மாறினது மெசினால் இல்லை. புது இன நெல்லாலும் உரத்தாலும் மாறினது. ஆனால் ஐயாவுக்கு மூன்று ஏக்கரைச் சேறாக்க இரண்டு கிழமை போகும், வாய்க்காலில் தண்ணி விடுகிற முறை அதற்குள் முடிந்துவிடும், கடைசித் துண்டு எப்போதும் பிந்தி நட்டுப் பிந்திப் பழுத்து மழையில் விழும். எனக்கு நாலு நாள் போதும். மூன்று ஏக்கரும் ஒரே வயதில் நிற்கும். அந்தக் கடைசித் துண்டை மெசின் எனக்குக் காப்பாற்றித் தந்தது. ஹாவேட்காரருக்கு அதை யாரும் சொல்லவில்லை போல.

காலபோகத்தில் அது அவ்வளவு உதவாது என்பதையும் சொல்ல வேணும். நாங்கள் புரட்டாதி ஐப்பசியில் புழுதி விதைப்பு. காய்ந்து இறுகின மண்ணில் இந்த மெசின் கல்லில் கோழி கொத்தின மாதிரித் துள்ளும். முதல் உழவுக்கு நாலு சில்லுப் பெரிய ரக்ரரைத்தான் கூலிக்குப் பிடிக்கிறேன். சிறுபோகச் சேற்றில், இரும்புச் சில்லு போட்ட பிறகுதான் அது தன் வேலையைக் காட்டும்.

இனித் திட்டு. முதலாவது ஒயில் சீல். ரொட்டரியின் இரண்டு பக்கமும் சேற்றுக்குள்ளேயே சுழல்கிற பகுதி. அங்கே சீல் போனால் கியர்ப் பெட்டிக்குள் சேற்றுத்தண்ணி ஏறும், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். போகத்துக்குப் போகம் ஒயில் வடிக்கிற திருகைக் கழற்றி நிறத்தைப் பார்க்காவிட்டால் பெயரிங், பிறகு சங்கிலி, பிறகு காப்பு மறுபடி வங்கிக்கு. அசல் சீல் என்று ஒரு கடையில் நான் மூன்று மடங்கு விலைக்கு வாங்கினது இருபது மணித்தியாலம் தாங்கவில்லை. கடைக்காரர் "தம்பி, உங்கட சேறு அப்பிடி" என்றார். நாலு பரம்பரையாக நாங்கள் உழுகிற சேறு.

இரண்டாவது தண்ணீர்ப் பெட்டி. இந்தப் பழைய வகையில் ரேடியேற்றர் இல்லை, பெட்டியில் தண்ணி கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்ச்சி. வேலைக்கு நடுவில் குறையும், நாங்கள் வரம்போரத்து வாய்க்கால் தண்ணியை அள்ளி ஊற்றுவோம். அந்தச் சேறு அடியில் கல்லாகப் படியும். ஒருதரம் சிலிண்டரைக் கழற்றினபோது மெக்கானிக் அண்ணை உள்ளே கையை விட்டு ஒரு பிடி களிமண் எடுத்துக் காட்டி, "இதுக்குள்ள நெல் போடலாம்" என்றார். இப்போது கானில் கிணற்றுத் தண்ணி கொண்டுபோகிறேன். கிணறு உவர் என்றால் அதுவும் சரிவராது.

மூன்றாவது, இது வடிவமைப்பின் குறை என்றே சொல்வேன்: பின்னுக்கு எடுக்கும்போதும் ரொட்டரி சுழன்றுகொண்டே இருக்கும். கத்தி முழுவதும் உழுகிறவனின் காலைப் பார்த்து வரும். புதிய மெசின்களில் தடை இருக்கிறது. என்னுடையதில் இல்லை. பக்கத்து வளவுப் பெடியனுக்கு ஒரு விரல் போனது அப்படித்தான். ரொட்டரியை நிறுத்தாமல் பின்கியர் போட வீட்டில் நான் ஒருவரையும் விட்டதில்லை. கத்திக்குத் தப்பினாலும் சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறதால் எலிக்காய்ச்சல் இருக்கிறது. போகத் தொடக்கத்தில் சுகாதார ஆட்கள் தருகிற குளிசையைப் போடுங்கள். மெசின் பற்றின எழுத்தில் இது எதற்கு என்று கேட்டால், நாலு சில்லு ரக்ரரில் இருக்கிறவனின் கால் சேற்றில் படுவதில்லை.

திட்டினது போதும். பெட்டியைக் கொளுவினால் இது வேறு சீவன். நெல் மூட்டை, விறகு, சாணம், கல்யாணத்துக்கு வாடகைக் கதிரை, கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை, இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஆள். ஒரு பெல்ட்டை மாற்றிக் கொளுவினால் தண்ணிப் பம்பு. இன்னொன்றை மாற்றினால் மின்சாரம். கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் எங்கள் தெருவுக்குப் படம் காட்டினது முதல் மெசின்தான். சத்தத்தில் வசனம் கேளாது, ஆனாலும் எல்லோரும் சிரித்தோம்.

யுத்தம் கிட்ட வந்தபோது, அந்த முதல் மெசின் 2009 தையில் எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பெட்டியில் அம்மா, பிள்ளைகள், நெல் ஏழு மூட்டை, தையல் மெசின், கூரைத் தகரம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. ஒவ்வோர் இடத்திலும் தகரத்தை இறக்கி, குழி வெட்டி, மறுபடி ஏற்றினோம். பாதை முழுக்க லான்ட்மாஸ்ரரும் ரக்ரரும் சைக்கிளும். வேகம் நடைவேகம்தான், எவனும் எவனையும் முந்தவில்லை. இரணைப்பாலையில் டீசல் முடிந்தது. ஸ்ரார்ட் பண்ணுகிற கைபிடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஏன் என்று இப்போதும் தெரியாது. திரும்பி வந்த பிறகு, முல்லைத்தீவில் துருப்பிடித்து மலையாகக் கிடந்த வாகனங்களுக்குள் இலக்கத்தோடு இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. கைபிடியும் இல்லை.

2022 ஐப் பற்றியும் எழுதியாக வேணும், ரே விஜேவர்தன உயிரோடு இருந்திருந்தால் அவருக்குச் சொல்ல வேண்டின கதை அதுதான் (அவர் 2010 ஆவணியிலேயே போய்விட்டார்). 2021 மார்கழியில் 121 ரூபாய் விற்ற ஒரு லீற்றர் டீசல் 2022 ஆனிக் கடைசியில் 460 ரூபாய். விலை இருக்கட்டும், பொருளே இல்லை. கமநல சேவை நிலையத்துத் துண்டோடு இரண்டு பகல் ஓர் இரவு வரிசையில் கிடந்து வாங்கின டீசலில் ஓர் ஏக்கரும் முழுதாக உழ முடியவில்லை. முந்தின வருசம் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தி விளைச்சலையும் விழுத்தியிருந்தார்கள். அப்போது ஒரு மூத்தவர் சொன்னார், "ஏன் தம்பி, எருமையை விட்டு மிதிக்கலாமே." கேட்க நல்லாய்த்தான் இருந்தது. தேடிப் போனால் எருமை இருக்கிறது, தயிருக்கு வளர்க்கிறார்கள். பழக்கின எருமை ஒன்றும் இல்லை. நுகம் வைத்த இடத்தில் விறகுகூட மிச்சமில்லை. மாட்டை ஏரில் திருப்புகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அது ஐயாவோடு போய்விட்டது. எனக்கு வாயில் வரவில்லை. எருமையை இயந்திரமாக்கினது மட்டும் அல்ல, எருமையை எருமை வேலையிலிருந்தே கலைத்தும் விட்டோம். எருமை கன்று போடும், மெசின் போடாது என்பதை டீசல் வரிசையில் நின்றபோது விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மேட்டுநிலத்தில் மெசினை இறக்குவதை நிறுத்தினேன். முன்பு வருசம் இரண்டு தரம் ரொட்டரி அடித்து மாவாக்கி வைத்திருந்தேன், பார்க்க வடிவு. மாரி மழை முதல் நாளே மேல் மண்ணை வழித்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடும், பிறகு வெயிலுக்கு மேலே ஓடு கட்டும். இப்போது வேலியோரம் முழுக்க சீமைக்கிளுவை, நாங்கள் கிளிசறியா என்கிற மரம். அதையும் விஜேவர்தன பெரிதாகத் தூக்கிப் பிடித்தவர், இலை பசளைக்கு, தடி எரிபொருளுக்கு என்று. வெட்டி வெட்டிப் பாத்திக்கு மூடுகிறேன். கத்தரியும் மிளகாயும் அதற்குள்ளே குழி வைத்து நடுகிறேன். மூன்றாம் வருசம் மண்வெட்டி போட்டபோது மண்புழு கண்டேன். விளைச்சல் பெருகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறையவில்லை. டீசல் செலவு அந்த நிலத்துக்குப் பூச்சியம். வயலில் இது சரிவராது, அங்கே சேறு அடைத்து நின்றால்தான் தண்ணி தங்கும். ஆகவே மெசின் வயலுக்கும் பெட்டிக்கும், சீமைக்கிளுவை மேட்டுக்கும் என்று பாகம் பிரித்துவிட்டேன்.

இப்போது பழசு வாங்கலாமா என்று கேட்கிற ஆட்களுக்கு: ஏழு ஏக்கருக்கு மேலே இருந்தால் வேண்டாம், கூலிக்கு ரக்ரர் பிடியுங்கள். மூன்று நாலு ஏக்கர், ஒடுங்கின பாதை, வரம்பு கூடின துண்டுகள் என்றால் எடுங்கள். எடுக்கப் போகும்போது காலையில் போங்கள், என்ஜின் குளிராக இருக்கும்போது நீங்களே கைபிடி சுற்றிப் பாருங்கள். விற்கிறவன் முதலே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நெம்பை விட்டுவிட்டு மெதுவாகச் சுற்றும்போது கை ஓர் இடத்தில் நன்றாக முட்டி நிற்க வேணும், வழுகிப் போனால் பிஸ்ரன் ரிங் போய்விட்டது. கியர்ப் பெட்டி ஒயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள், எனக்கு அந்த வாகனக் குவியலில் கையில் இருந்த ஒரே சாமான் புத்தகம்தான்.

மகன் விற்கச் சொல்கிறான். அவனுக்கு வயது இருபத்தாறு, கிளிநொச்சியில் வேலை, பின்னால் நடக்க ஆசையில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு முழங்காலில் பலம் இல்லை. போன சிறுபோகம் பெரிய ரக்ரர் எட்டாத மூலைகளையும் வரம்போரத்தையும் மட்டும் நான் அடித்தேன், மிச்சம் கூலிக்கு. அதுவே ஒரு நாள் நடை.

புதுப் பெல்ட் மூன்று வாங்கிக் கொட்டிலில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதே ஆணியில்தான் பெரியப்பாவின் அந்தத் தகடும் தொங்குகிறது. ரிங் மாற்ற வேணும், காலையில் வெள்ளைப் புகை கூடிவிட்டது. மழைக்கு முதல் செய்து தரச் சொல்லி மெக்கானிக் அண்ணையிடம் போனேன். வெள்ளிக்கிழமை வாறன் என்றார். எந்த வெள்ளி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.